நான்கு வருட இடைவெளியும் எட்டாயிரம் ரூபாய்ச் சான்றிதழும்

பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து முப்பத்து மூன்று வயதுச் சகோதரி ஒருவர் நான்கு தாள்களில் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பி.காம். முடித்தவர். ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 2015 முதல் 2021 வரை ஆறு வருடம் வேலை பார்த்தார். குழந்தை பிறந்த சில மாதங்களில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டார். இப்போது குழந்தை எல்.கே.ஜி. போகிறது, மாமியார் கைத்தடி ஊன்றி நடக்கிறார். கணவர் விசைத்தறி மெக்கானிக். ஒருவர் வருமானத்தில் குடும்பம் ஓடவில்லை.

முதலில் கோவையில் ஒரு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். “நான்கு வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டதும் “வீட்டில் சும்மாதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கியிருக்கிறார். தகவல் சொல்வதாகச் சொன்னார்கள், சொல்லவில்லை. இரண்டாவதாக, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். முதல் சுற்று முடிந்து, அடுத்த வாரம் இறுதிச் சுற்று. ‘இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா?’ என்று அங்கே கேட்டதற்கு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். சேரும்போது கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள்: சான்றிதழ்களின் அசல், இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக ஒரு பாண்டு, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட இரண்டு காசோலைகள். சம்பளம் ‘சிடிசி 22,000’ (ஓர் ஊழியருக்காக நிறுவனம் மாதம் செய்யும் மொத்தச் செலவு).

இதற்கிடையே கணவரின் நண்பர் மூலம் ஒருவர், எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் 2021 முதல் 2025 வரை ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறாராம். ‘எல்லோரும் இப்படித்தான் சேர்கிறார்கள், வாங்கலாமா? பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றால் போலீஸ் வருமா? குழந்தை வேண்டாம் என்று சொன்னது பின்னால் பிரச்சினையாகுமா? அங்கே எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள், அவர்களோடு எப்படி ஒட்டுவேன்?’ என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

‘எல்லோரும்’ என்று உங்களிடம் சொல்பவர், மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்லமாட்டார். அவர்கள் என்னைப்போன்ற வழக்கறிஞர்களிடம்தான் வருகிறார்கள். உங்கள் பி.எஃப். கணக்குக்கு யுஏஎன் என்கிற பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. வேலை மாறினாலும் எண் மாறாது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். இப்போது பல நிறுவனங்கள் அந்தப் பக்கத்தை இறக்கித் தரச் சொல்கின்றன. அதில் 2021-க்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. ‘அது சின்ன நிறுவனம், இருபது பேர்கூட இல்லை, அதனால் பி.எஃப். பிடிக்கவில்லை’ என்று சொல்லச் சொல்வார்கள். அடுத்து, சம்பளம் வரவான வங்கிக் கணக்கைக் காட்டுங்கள் என்பார்கள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டமும் இதில் கடுமையானது. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் ஆவணம் தயாரித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. பொய் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை என்கிறது 340-ஆம் பிரிவு. விற்றவர் காணாமல் போய்விடுவார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் நீங்களாக இருப்பீர்கள். நடைமுறையில் நிறுவனங்கள் போலீஸ் வரை போவது குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் வாங்கிய சான்றிதழோடு சேர்ந்து, மூன்று வருடம் உண்மையாகவே நன்றாக உழைத்தவர். பதவி உயர்வுக்காகப் பழைய ஆவணங்களைச் சரிபார்த்தபோது மாட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். உழைத்த மூன்று வருடத்துக்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை. பொய்யான இரண்டு வருடத்தை வாங்கப் போய் மெய்யான மூன்று வருடத்தைத் தொலைத்தார்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கம்

உங்கள் கடிதத்தின் மூன்றாவது தாள் வேறொரு நோட்டிலிருந்து கிழித்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பீர்கள். அதன் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு பெயர்கள், சேமிப்பு, உள்கடன், அசல் வரவு, வட்டி, அபராதம், கடைசியில் கையிருப்பு. மகளிர் சுயஉதவிக் குழுவின் மாதக் கணக்கு என்பது பார்த்ததும் தெரிந்தது. பெயர்களைப் படிக்கவில்லை, எண்களை மட்டும் கூட்டிப் பார்த்தேன். கீழ்வரிசையும் பக்கவரிசையும் ஒரு ரூபாய் பிசகாமல் நேராகின்றன. ஓரிடத்தில் 350 என்று எழுதியதை ஒரே கோடாக அடித்து, மேலே 530 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறீர்கள். எழுத்தின் மேலேயே திருத்தி எழுதாத இந்தப் பழக்கம் மில்லில் கற்றதாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்களோ தெரியாது. கணக்கு இடித்து, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறது என்று பழைய கணக்குப்பிள்ளைகள் சொல்வார்கள். இங்கே வித்தியாசம் 180.

இந்தத் தாளை எழுதிய நீங்கள்தான் கோவையில் ‘சும்மா இருந்தேன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

குழுவின் கணக்கை எத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள், எத்தனை வங்கிக் கடன் வாங்கி அடைத்திருக்கிறீர்கள் என்று குழுவின் தீர்மான நோட்டில் இருக்கும். தலைவியிடம் சொல்லி, கடிதத்தாளில் நான்கு வரி எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர்களில் நீங்களும் ஒருவரென்றால் பாஸ்புத்தக நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சம்பள வேலை என்று சொல்லிவிடாதீர்கள். தன்னார்வப் பணி என்றே பயோடேட்டாவில் போடுங்கள். பைசா செலவில்லாத இந்தக் கடிதத்தை யார் விசாரித்தாலும் பயமில்லை.

அடுத்த வாரம் அந்தக் கேள்வி மறுபடி வரும். மூன்றே வாக்கியத்தில் பதிலை முடித்துக்கொள்ளுங்கள்: “குழந்தைப் பிறப்பு, மாமியாரின் பக்கவாதம் இரண்டும் சேர்ந்ததால் 2021-இல் வேலையை விட்டேன். இப்போது இருவரையும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன். இந்த நான்கு வருடமும் எங்கள் குழுவின் கணக்கை நான்தான் எழுதினேன்.” அத்தோடு நிறுத்துங்கள். மாமியாரின் நோயைப் பற்றி மேலும் ஒரு வாக்கியம் சொன்னாலும் கண் கலங்கும். கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆலோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை. கணவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, அடுப்படியில் வேலை செய்துகொண்டே நாலைந்து முறை பதில் சொல்லிப் பாருங்கள், போதும்.

ஆறு வருட அனுபவம் பழசாகிவிட்டதோ என்ற பயம் நியாயமானதுதான், அதைப் படித்துத்தான் போக்க வேண்டும். தணிக்கையாளரான நண்பர் ஒருவரிடம் கேட்டு, நீங்கள் விலகிய பிறகு மாறியவற்றில் முக்கியமான நான்கைத் தருகிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குத் தரும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) எடுத்தாக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும். பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் வருடத்தில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று வெளியே கொடுத்து வாங்கும் திருப்பூர்க் கணக்குப் பிரிவில் இது அன்றாடத் தலைவலி. கடைசியாக ஜிஎஸ்டி விகிதங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கு போய்விட்டது. செயற்கை இழை நூல் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிப் பழகலாம். அந்தப் பயிற்சி வடிவம் மாதத்தின் சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு போடவிடும், கை பழக அது போதும்.

அசல், பாண்டு, காசோலை

மூன்றையும் ஒரே கட்டாகப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். மூன்றின் ஆபத்தும் வேறு வேறு. நீங்கள் அதிகம் பயப்படும் பாண்டு நடுத்தரம்தான். நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன காசோலைதான் மோசம்.

முதலில் அசல் சான்றிதழ்கள். சரிபார்க்க அசலைக் காட்டச் சொல்வது நியாயம், வாங்கிப் பூட்டி வைப்பது நியாயமில்லை. பாக்கி வராதவரை மற்றவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொதுவான உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அதில் வங்கியர் உண்டு, உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கூட உண்டு. வேலை கொடுப்பவர் இல்லை. (பட்டியலில் இருந்தும், கட்டண பாக்கிக்காக கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் எங்களுக்கே சொல்லிவிட்டது.) “அசலைக் கொண்டுவருகிறேன், என் முன்னால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். பல இடங்களில் இதற்கே சரி என்றுவிடுவார்கள்.

அடுத்து பாண்டு. அதை மீறினால் போலீஸ் வராது, அது உரிமையியல் விவகாரம். விருப்பமில்லாதவரை வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. அதற்காக அது வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி. ஒருவர் விலகினால் மறுபடி விளம்பரம், தேர்வு என்று தொடங்க வேண்டிய செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. விலகியவரும் மேலாளர் நிலையில் இருந்தவர். 22,000 ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் கேட்பவர் அதே வாதத்தைச் சுலபமாக வைக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஆனாலும் வழக்கு என்று வந்தால் அலைச்சல் உங்களுக்கும்தான். ஆகவே சேருவதற்கு முன்பே பேசுங்கள்: காலத்தை ஒரு வருடமாக்குங்கள், தொகையை ஒரு மாதச் சம்பளமாக்குங்கள், நிறுவனமே உங்களை அனுப்பினால் பாண்டு செல்லாது என்று ஒரு வரி சேருங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்படியென்றால் நான் கையெழுத்துப் போடுவேன்.

தொகை எழுதாத காசோலை மட்டும் வேண்டவே வேண்டாம். ‘நிரப்பியது அவர்கள்தானே, நான் இல்லையே’ என்று பின்னால் தப்பிவிடலாம் என நினைக்காதீர்கள். கையெழுத்திட்டு மனமுவந்து கொடுத்த காசோலையைப் பெற்றவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். காசோலை திரும்பி, நோட்டீஸ் வந்தும் பணம் கட்டாவிட்டால் வருவது குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. பாண்டுக்கு வராத குற்ற வழக்குச் சம்மன் இதற்கு வீட்டுக்கே வரும். இதில் மட்டும் அவர்கள் பிடிவாதமாக இருந்தால் அந்த வேலை வேண்டாம். உங்கள் வீட்டு நிலைமை தெரிந்துதான் சொல்கிறேன்.

‘இன்னொரு குழந்தை?’

அந்தக் கேள்வி அநாகரிகமானது. கேட்பதையே குற்றமாக்கும் பிரிவு ஏதும் இல்லை. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னது எந்த உரிமையையும் எழுதிக்கொடுத்ததாக ஆகாது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்த நீரா மாத்தூர் என்பவர் மகப்பேறு விடுப்பில் போனார். சேரும்போது மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொன்னார் என்று அவரை நீக்கினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்த மாதிரிக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருவீர்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேற்றுப் பணத்தை இஎஸ்ஐ கழகம்தான் தரும், நிறுவனம் கைக்காசைத் தருவதில்லை. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளாவது உங்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பெண் ஊழியரைச் சார்ந்திருக்கும் மாமனார் மாமியாரும் வருமான வரம்புக்கு உட்பட்டு குடும்பத்தில் அடக்கம். உங்கள் மாமியாரின் மருத்துவச் செலவுக்கு இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

சிடிசி 22,000 என்பது கைக்கு வரும் பணமில்லை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,440, பணிக்கொடை ஒதுக்கீடு சுமார் 577, இஎஸ்ஐ சுமார் 629 ஆகியவை அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கும் பிடித்ததுபோக ஏறத்தாழ 17,750 கைக்கு வரும். பஸ் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தருவது இரண்டையும் இந்தத் தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு

பணி நியமனக் கடிதம் இல்லாமல் முதல் நாளைத் தாண்டாதீர்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது உங்கள் உரிமை. பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள். மில்லில் இருந்த ஆறு வருடத்துக்கான ஓய்வூதியப் பங்கை நீங்கள் எடுத்துவிடவில்லை என்றால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து வருடத்தில் ஆறு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

மேலாளருக்கு இருபத்தாறு வயது, என் தம்பி வயது, எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. பாசத்தில்கூட ‘தம்பி’ வேண்டாம். கூப்பிடப்படுபவருக்குச் சங்கடம், கேட்பவர்களுக்குச் சிரிப்பு. அவர்கள் உங்களை ‘அக்கா’ என்று தாமாகக் கூப்பிடத் தொடங்கினால் அது வேறு. ‘எங்கள் மில்லில் இப்படித்தான் செய்வோம்’ என்ற வாக்கியத்தை முதல் மூன்று மாதம் வாயைவிட்டு வெளியே விடாதீர்கள். தெரியாததை முதல் இரண்டு வாரத்தில் கேட்டால் புதியவர் என்பார்கள். நாலாம் மாதம் கேட்டால் இத்தனை நாள் என்ன செய்தாய் என்பார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒருமுறை கேட்டதை எழுதிக்கொண்டால் அதே பையனிடம் இரண்டாம் முறை போய் நிற்க வேண்டியிருக்காது.

வழக்கறிஞராக ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள், அடுத்தவர் பெயரில் உள்ளே போய் நீங்களும் பதிவு போடாதீர்கள். வேலை நெருக்கடியில் ‘அக்கா, என் ஐடியிலேயே போட்டுவிடுங்கள்’ என்பார்கள். மேலே சொன்ன திருத்தத் தடத்தில் யார் பெயர் விழுகிறதோ அவர்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்தேதியிட்ட ரொக்க வவுச்சரிலும் அப்படியே: “அவசரம் புரிகிறது, இன்றைய தேதியில் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது தாளை உங்கள் முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், முன்பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டேன். குழுவின் நோட்டில் ஒட்டிவிடுங்கள், அடுத்த கூட்டத்தில் யாராவது கையிருப்பைக் கேட்டால் தேவைப்படும்.